அக்கா பெருக்கித் தள்ளிய வாசிப்புகள்

ஒவியேதோ,
நவம்பர் கடைசி வெள்ளி.

என் அன்பு நிமியாவுக்கு,

நானும் ஜெருத்தியும் நலம். நீ குளிருக்குக் காலுறை போட்டுக்கொள்கிறாயா, இல்லை வழக்கம்போல வீம்பா? பக்கத்து வீட்டு பெனித்தாவின் மகள் வியாழக்கிழமை நீ இருக்கும் மாலகாவுக்குப் பறக்கிறாள். தெரெரே போட்டுக் குடிக்க மாத்தே இலையும் மரவள்ளி மாவும் இந்தக் கடிதமும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். பாலாடைக்கட்டியை விமானத்தில் விடமாட்டார்களாம். சிப்பா ரொட்டி சுடுவதற்கு அந்த ஊர்க் கட்டியையே வாங்கிக்கொள்.

ஜெருத்தியின் டிஜிட்டல் கோப்பில் ஆரம்பத்துப் பதிவுகளைக் காணோமே என்று போன வாரம் கேட்டாய். நெட் சரியில்லை என்று மழுப்பினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே உன் அக்காவைக் கூப்பிட்டுக் கத்தியிருப்பாய். கடிதத்தில் எழுதினால் படித்து முடிப்பதற்குள் பாதிக் கோபமாவது ஆறும்.

ஆமாம், அழித்தது உன் அக்கா சுனில்தாதான். இந்த வருஷம் மூன்றாம் வகுப்புக்குப் பரீட்சை இல்லை என்பது உனக்கே தெரியும். பிள்ளை வீட்டிலும் வகுப்பிலும் சத்தமாக வாசிப்பதையும் நோட்டில் எழுதியதையும் லிதுவினா டீச்சர் வாராவாரம் டேப்லெட்டில் சேர்த்து வைத்தார். வருஷக் கடைசியில் பிள்ளையே அதைத் தலைமையாசிரியைக்குக் காட்டிப் பேச வேண்டும். அதை வைத்துத்தான் நான்காம் வகுப்பா இல்லையா என்று முடிவு செய்வார்கள்.

தலைமையாசிரியை கேட்கப்போகிறார் என்றதும் உன் அக்காவுக்கு மானம் போய்விட்டது. “மாடுங்கிற ஒரு வார்த்தைக்கே மூச்சு வாங்குது பிள்ளை. இதையா பெரிய டீச்சர்கிட்ட போட்டுக் காட்டுவாங்க?” என்று புலம்பிக்கொண்டிருந்தாள். நான் பட்டறையில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது என் போனை எடுத்து, அதில் கோப்பைத் திறந்து, திக்கல் திணறல் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். கடைசியாக அழகாக வாசித்தவை மட்டும் மிச்சம். “விருந்தாளி வந்தா வீட்டைக் கூட்ட மாட்டோமா? கூட்டிப் பெருக்கிட்டேன் தம்பி” என்று பெருமை வேறு.

மறுநாளே டீச்சர் என்னைக் கூப்பிட்டார். “எலாதியோ, இவ எங்கிருந்து எங்க வந்திருக்கான்னுதான் நாங்க பார்க்கணும். ஆரம்பத்தையே அழிச்சிட்டா நான் எதைக் காட்டுறது? அழிச்சது திரும்ப வராது. பெரிய டீச்சர் ஒத்துக்கலன்னா மறுபடியும் மூணாம் வகுப்புதான்” என்றார். ஜெருத்தி இந்த வருஷம் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

உன் அக்கா சும்மா இருப்பாளா? பிள்ளையை உட்காரவைத்து, போனை நீட்டி, பழையபடி திக்கித் திக்கிப் படிக்கச் சொன்னாள். ஜெருத்தியால் முடியவில்லை. திக்க நினைத்தாலும் வார்த்தை தானாக வந்து விழுகிறது, சிரித்துவிடுகிறாள். “ஒழுங்கா தப்பாப் படிடி!” என்று உன் அக்கா அதட்டினாளே பார், குடித்துக்கொண்டிருந்த தெரெரே எனக்கு மூக்கில் ஏறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஜெருத்தியின் முறை வந்தது. நானும் உன் அக்காவும் பின் பெஞ்சில் உட்கார்ந்தோம். கோப்பைத் திறந்து பார்த்த தலைமையாசிரியை, முகத்தில் எதையும் காட்டாமல், “ஆரம்பத்துல எப்படிப் படிச்சேம்மா?” என்று கேட்டார். நம் பெண் பாடப்புத்தகத்தில் முதல் பாடத்தைத் திறந்தாள். “இந்த வார்த்தை நீளமா இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டேன். இங்க படத்தைப் பார்த்து நானா அடிச்சு விட்டேன். இப்பல்லாம் நீள வார்த்தையைத் துண்டு துண்டா உடைச்சு, தொடையில தட்டித் தட்டிப் படிச்சிடுவேன்” என்றாள். ஒவ்வொரு தடுமாற்றமும் அவளுக்கு அப்படி நினைவிருக்கிறது, நிமியா!

அப்புறம் ஒரு வரியில் விரலை வைத்தாள். “இங்க நின்னுட்டேன். அம்மா ஊருக்குப் போறதுக்கு முந்தின வாரம் அது. பின்னாடி இருந்து மெதுவா எடுத்துக் கொடுத்தாங்க. அம்மா குரலும் அதுல பதிவாயிருந்துச்சு” என்றாள். அது எங்கே என்று தலைமையாசிரியை கேட்டார். “பெரியம்மா பெருக்கிட்டாங்க. பரவாயில்ல, எனக்கு மனப்பாடம்” என்று சொல்லிவிட்டு உன்னைப் போலவே, அதே இழுப்போடு, “அவசரப்படாதே கண்ணு, நான் இங்கதான் இருக்கேன்” என்று சொல்லிக் காட்டினாள். உன் அக்கா கைப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும்தான், மறைப்பானேன்.

நான்காம் வகுப்புக்குப் போகிறாள் உன் மகள்! தான் தவறிய இடத்தைத் தானே காட்டும் பிள்ளைக்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்றார் தலைமையாசிரியை. அந்தப் பேச்சை டீச்சர் பதிவு செய்து கோப்பில் சேர்த்திருக்கிறார், கேள். அக்காவிடம் சண்டைக்குப் போகாதே. வெட்கத்தில் இந்தப் பக்கமே வருவதில்லை. நீயே கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசு.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. உன் குரல் இருந்த அந்தப் பழைய பதிவை நான் பட்டறையில் சாப்பிடும்போது போட்டுக் கேட்பேன். பிள்ளை வாசிப்பதைக் கேட்கத்தான் என்று வேலையாட்களிடம் சொல்வேன். இப்போது அது இல்லாமல் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். நன்றாக வாசிக்கப் பழகிய பிள்ளைகள் கொஞ்ச நாளில் வாய்விட்டு வாசிப்பதை நிறுத்திவிட்டு மனசுக்குள் படிக்க ஆரம்பித்துவிடுவார்களாம். நல்லதுதானாம், கவலைப்பட வேண்டாமாம். ஜெருத்தி இன்னும் சத்தமாகத்தான் வாசிக்கிறாள். தெருவே கேட்கிறது.

காகுப்பே மாதா உன்னை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும். நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பாட்டிக்கு வேறு ஆள் கிடைக்கிறதா என்று கேட்டுப் பார், நிமியா. நம் பெண் வாய்விட்டு வாசிக்கும்போதே வந்துவிடு.

என்றும் உன்,
எலாதியோ