எலிக்கு எந்தக் குண்டு

ஆகஸ்ட் 6, புதன்

மேகமூட்டம். மழை இல்லை. பட்டுப்புழுக்களுக்கு நான்காம் தோலுரிப்பு முடிந்து இன்று இரண்டாம் நாள். கூடு கட்ட இன்னும் ஒரு வாரம் போல. மல்பரித் தழை வெட்ட வெட்டத் தின்று தீர்க்கின்றன.

கீழ்த்தட்டில் மறுபடியும் பாதி தின்ற புழுக்கள். நாற்பத்தொன்று. எலிதான். ஒன்றல்ல.

விஷம் வைக்க வழியில்லை. பட்டுப்புழு மனைக்குள் எந்த மருந்து வாசம் பட்டாலும் முதலில் சாவது புழு. பொறியில் ஒன்று விழுந்தது. மற்றவை பொறியைச் சுற்றிக்கொண்டு போகின்றன. பசை அட்டை போன தடவையோடு சரி. ஒட்டிக்கொண்ட எலி பகல் முழுக்கக் கத்தியது.

பக்கத்து வீட்டிலிருந்து தம்பி செந்தில் தன் ஏர்கன்னைக் கொண்டு வந்து கொடுத்தான். கூடவே ஒரு டப்பா கூர்முனைக் குண்டு.

"இதுக்கு மேல பவர் கெடயாதுக்கா. ஊசியாட்டம் எறங்கும்."

இவன் ஒன்றை இவ்வளவு உறுதியாகச் சொன்னால், அதை யாரோ இவன் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மாலை 5.30. மனைக்குள், வாசலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மேற்குச் சன்னல் விளிம்பில் ஒரு எலி. பதினைந்தடி இருக்கும். சுட்டேன். பட்டது தெரிந்தது. ஆனால் குதித்து ஓடிவிட்டது. தேடினேன். இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

மாதம்மாள்தான் கண்டுபிடித்தாள். மூன்று வருடமாக என்னோடு தழை வெட்டி, புழுவுக்குப் போடுகிறவள். மனைக்குள் அவள் கண்ணுக்குத் தப்புவது குறைவு. சுண்ணாம்பு மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. உயிரோடு. பின்கால் இரண்டையும் இழுத்தபடி. வயிற்றில் இந்தப் பக்கம் ஓர் ஓட்டை, அந்தப் பக்கம் ஓர் ஓட்டை.

மண்வெட்டிக் காம்பால் ஒரே அடி. நானேதான் அடித்தேன்.

"ஏங்க டீச்சர், இதுக்கு அந்தப் பச அட்டையே தேவலீங்க. அது பகல்ல செத்துது. இது ராவெல்லாம் செத்துருக்குது."

கோபம் வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம். பதினாறு வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள், எலியின் இதயம் எங்கே இருக்கிறதென்று தெரிந்தவள். குண்டைப் பற்றி மட்டும் செந்தில் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன்.

குண்டு உடம்புக்குள் நிற்காமல் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. உள்ளே நின்றிருந்தால் அடி முழுவதும் எலிக்குள் இறங்கி, அங்கேயே முடிந்திருக்கும். இருக்கலாம். சோதித்தால்தான் தெரியும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கடத்தூரில் வேறு குண்டு கிடைக்கவில்லை. தருமபுரி பஸ். முன்சீட்டுப் பெண் போனில்: "தக்காளியப் பறிக்காத, வுடு. மாடு திங்கட்டும்."

கடையில் பாய் ஜும்மாவுக்குக் கிளம்பும் அவசரத்தில்.

"எதுக்கும்மா, எலிக்கா? மருந்து வையுங்கம்மா, எலிக்குப் போயி குண்டா!"

பட்டுப்புழு என்றேன். புரிந்துகொண்டார். மூன்று டப்பா எடுத்து வைத்தார். கூர்முனை, உருண்டைத் தலை, தட்டைத் தலை. கூர்முனை டப்பாவின் மூடியில் காட்டுப்பன்றி. நாலரை மி.மீ. குண்டுக்குக் காட்டுப்பன்றி! தட்டைத் தலை டப்பாவில் படமே இல்லை. படம் இல்லாததை முதலில் எடுத்தேன்.

"எது ஒரே அடியில சாகடிக்கும்?"

"நான் இதுவரைக்கும் ஒரு எலியும் சுட்டதில்லம்மா. வாங்கிட்டுப் போறவங்க சொல்றதத்தான் சொல்லுவேன். அவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

அந்தத் தெருவில் கேட்ட ஒரே நேர்மையான பேச்சு. டப்பாவைத் திறந்து காகிதத்தில் கொட்டிப் பார்க்கவும் விட்டார். பின்விளிம்பு நசுங்கிய குண்டு நேராகப் போகாது. ஒரு தட்டை டப்பாவில் ஏழெட்டு நசுங்கல். வேறு டப்பா கேட்டு வாங்கினேன். முகம் சுளிக்கவில்லை.

"பொண்ணு பாக்கறாப்புல பாக்கறீங்களேம்மா. பாங்கு சொல்லிடுவாங்க, சீக்கிரம்."

மூன்றிலும் ஒவ்வொன்று வாங்கினேன். கூடவே ஒழுகும் குழாய்க்கு வாஷர், ஊதுவத்தி, துணி சோப்பு ஆறு கட்டி.

ஆகஸ்ட் 9, சனி

வெயில். சோதனை. களத்தில் மணல் மூட்டை, அதன் முன் ஈரத்துணி சுற்றிய சோப்புக் கட்டி. ராகி மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து வைத்து, பதினைந்தடியிலிருந்து.

கூர்முனை — கட்டியைத் துளைத்துக்கொண்டு மணலுக்குள். மூன்று தடவையும். ஓட்டை சின்னது.
உருண்டை — ஒன்று நின்றது, இரண்டு வெளியே. முப்பதடியிலும் நேராகப் போகிறது. எனக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை.
தட்டை — மூன்றும் உள்ளே நின்றன. வெட்டிப் பார்த்தால் விரல் நுழையும் குழி. முப்பதடியில் கோணல்.

செந்தில் வேலியோரம் நின்று சிரித்தான். "எலிக்கு போஸ்ட்மார்ட்டம் தெரியும், சோப்புக்குமாக்கா?"

"உன் ஊசி சோப்பத் தாண்டிப் போயிடுச்சுடா."

"போனா பவர்தானே?"

போனால் வீண். அவனுக்குப் புரியவைக்கும் எண்ணம் இல்லை.

முடிவு: மனைக்குள் தட்டைத் தலை மட்டும். எலி நின்று, தலை தெரிந்தால் மட்டும். பின்னால் மண்சுவரோ மணல் மூட்டையோ இருந்தால் மட்டும். சந்தேகம் இருந்தால் சுடுவதில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலை 6.15. சுவரோரம் ஒரு எலி. தட்டை. தலை. இருந்த இடத்திலேயே சாய்ந்தது. கால்கூட உதறவில்லை. சந்தோஷமில்லை. ஆனால் ராத்திரி முழுக்க எதுவும் கிடக்கப்போவதில்லை.

8.00. மேல்தட்டுப் புழுக்களில் கறுப்புப் புள்ளி. கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ஊசி ஈ. புழுவின் தோல்மேல் முட்டை வைத்துவிட்டுப் போகும். குஞ்சு உள்ளே துளைத்து இறங்கும் இடம்தான் புள்ளி. புழு செத்துவிடும், அல்லது கட்டிய கூட்டில் ஓட்டை போட்டு அந்தக் குஞ்சு வெளியே வரும். கூடு விலை போகாது. முப்பது புழுவாவது இருக்கும். இன்னும் பரவினால் இந்த வளர்ப்பே போச்சு.

ஈ எப்படி உள்ளே வந்தது? நாலு பக்கமும் நைலான் வலை. முன்னறையில் வலைக்கதவு. முட்டை வைத்து மூன்று நாளாவது ஆகியிருக்க வேண்டும்.

முன்னறையில் நின்று போன் பேசுவது யார்? மாதம்மாள். இரண்டு கையிலும் தழைக்கட்டோடு காலால் கதவைத் தள்ளுவது யார்? மாதம்மாள்.

இன்று கவனித்தேன். 10.05, கதவு ஒருக்களித்து, அரை நிமிடம். 2.40, மறுபடியும். எழுதி வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கேட்டுவிட்டேன். முதலில் நயமாக. பிறகு நேரத்தை வாசித்துக் காட்டினேன். அதைச் செய்திருக்க வேண்டாம்.

அவள் தழைக்கட்டை இறக்கி வைத்தாள்.

"மணி குறிச்சு வெச்சிருக்கீங்களா, டீச்சர்? மூணு வருஷமா கதவத் தொறந்து வெச்சா இந்தப் புழுவ வளத்தேன்?"

"வேற எப்படி வரும் ஈ?"

"எனக்கென்னங்க தெரியும். படிச்சவங்க நீங்க. நாளைக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

அரிவாளைக் கழுவி, ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். கோபத்திலும் அரிவாளைக் கழுவி மாட்டுகிறவள் கதவைத் திறந்து போட்டிருப்பாளா என்று அப்போது தோன்றவில்லை.

புள்ளி விழுந்த புழுக்களைப் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட்டேன். அறுபத்தெட்டு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தனியாகத் தழை போட்டேன். முதுகு வலி. புழுக்கள் சில மஞ்சளித்துத் தலை தூக்கத் தொடங்கிவிட்டன. நாளை கூடு கட்டத் தட்டிகளில் எடுத்து ஏற்ற வேண்டும். ஓராள் வேலை இல்லை.

11.20. மேற்குச் சன்னல் வலையின் உள்பக்கம் ஓர் ஈ நடந்தது. அடிக்கப் போனேன். அடிப்பதற்குள் கீழே இறங்கி, வெளியே போய்விட்டது. வலைக்குள்ளிருந்து வெளியே.

விளிம்புக்கு மூன்று விரல் மேலே ஓர் ஓட்டை. இழைகள் அறுந்து, பிரிந்து, சுண்டுவிரல் நுழைகிறது. எலி கடித்ததென்றால் ஓரத்தில் அல்லவா கடிக்கும். விளிம்பில் காய்ந்த ரத்தம், இரண்டு சொட்டு. வெளியே, ஓட்டைக்கு நேரே, வேப்ப மரத்தில் பட்டை பெயர்ந்த இடம். பேனாக்கத்தியால் தோண்டினேன். கூர்முனைக் குண்டு. முனைகூட மழுங்கவில்லை.

புதன்கிழமைக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். "மேற்குச் சன்னல் விளிம்பில் ஒரு எலி." என் கையெழுத்து.

சோப்பைத் துளைத்துப் போனதைப் பார்த்தேன். மணல் மூட்டை வேண்டுமென்று விதி எழுதினேன். எலியைத் துளைத்தது எங்கே போயிற்று என்று மட்டும் கேட்கவில்லை.

ஓட்டையைத் தைத்தேன். மதியம் அவள் வீட்டுக்குப் போனேன், ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம். வாசலில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. குண்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்பதையும்.

குண்டை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"எலிக்கு வலிக்கக் கூடாதுன்னு தருமபுரி வரைக்கும் போயி, மூணு டப்பா பாத்து வாங்கியாந்தீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த அப்படிப் பாத்துப் பேசுனீங்களா, டீச்சர்?"

இல்லை என்றேன்.

கடலைக்காயை உரிக்கத் தொடங்கினாள். குண்டைத் திருப்பித் தரவில்லை. வருவேன் என்றும் சொல்லவில்லை.

மாலை 6.00. அவளுடையதும் என்னுடையதுமாக அரிவாள் இரண்டையும் தீட்டி, முன்னறையில் வைத்தேன்.