தன் நிழலைக் கண்ட கலம்

என்னங்க,

எங்கள் விண்கலம் சிறுகோளில் இறங்கவில்லை. செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

நாங்கள் அனுப்பும் கட்டளை போய்ச்சேரவே பல நிமிடம் ஆகும் தூரம். அதனால் கடைசி இறக்கத்தில் கலமே படம் எடுத்து, தானே முடிவுசெய்ய வேண்டும். பாறைக்கு வெகு அருகில் போனதும், தரையில் விழுந்த தன் நிழலையே பெரிய குழி என்று நினைத்து விலகிவிட்டது. நிழலை எதிர்பார்த்திருந்தோம், அவ்வளவு கறுப்பாக இருக்கும் என்று நினைக்கவில்லை. சந்தேகம் வந்தால் விலகிவிடு என்றுதான் அதற்குச் சொல்லியிருந்தோம். ஆகவே யார் மீதும் தப்பில்லையாம். மறுபடி நெருங்க எரிபொருள் இல்லை.

கீழே மளிகைக்கடை அண்ணை சொன்னார்: “தங்கச்சி, உங்கட அவர் ஞாயிற்றுக்கிழமை இஞ்சை வந்தவர். கன நேரம் உங்கட ஜன்னலைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டு, மெத்ரோ ரயிலுக்குப் போயிட்டார்.”

இப்போது நீங்கள் தனியாக இருக்கும் பியர்ஃபித்திலிருந்து அவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்.

ஜன்னலில் தொங்கிய துணிக்கிளிகளைக் கழற்றிவிட்டேன். பிள்ளை போன வீட்டுத் தொட்டில் என்று, இனாமாகக் கொடுத்தும் இந்தத் தெருவில் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நேற்று நகராட்சி வண்டியில் ஏற்றி அனுப்பினேன்.

இனி மாடியில் நீங்கள் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. நான் மட்டும்தான் இருக்கிறேன்.

அதே மூன்றாம் மாடியிலிருந்து,
உங்கள் மனைவி