புதிய துணைவேந்தரின் பழைய விடைத்தாள்

ஜூன் 5, வியாழன்

பல்கலைக்கழக அழைப்பிதழ் வந்தது. பதினாறாம் தேதி புதிய துணைவேந்தர் பதவியேற்பு. ஆமத்தூர் பொன்னுத்தங்கம்! வேந்தருக்குப் புகார் அனுப்பப் போகிறேன். வரிசை:

1. நியமனம் சிபாரிசில் வந்தது.
2. 1991இல் மாணவியாக இருந்தபோது விடைத்தாளில் அடையாளக் குறி இட்டுப் பிடிபட்டவர். ஓராண்டு தடை பெற்றவர்.
3. பழிவாங்கும் குணமுள்ளவர்.

முதலாவதற்கு ஆதாரமில்லை. மூன்றாவது என் பயமாகவும் இருக்கலாம். இரண்டாவது உறுதி. தேர்வுப் பிரிவில் அந்த அறிக்கையை எழுதியவனே நான்தான்.

ஜூன் 6

நகலைத் தேடி எடுத்தேன். ‘பக்க ஓரங்களில் வெள்ளி நிற விரல் பதிவுகள். திருத்துபவர் அறிந்துகொள்ள இடப்பட்டவை.’ அவரை அழைத்து விசாரிக்கவில்லை. விதியில் அப்படி இல்லை. இல்லையா?

ஊரெங்கும் அவருக்குப் பேனர். பிடிபட்டவருக்கு மாலை, பிடித்தவனுக்குப் பின்வரிசை நாற்காலி.

ஜூன் 8

வெயில். புகாரை மூன்றாம் முறை திருத்தினேன்.

ஜூன் 9

உறையை ஒட்டியதும் என் மனைவி கற்பகவல்லி சிரித்தாள். “முப்பத்தஞ்சு வருசமா எழுதுறீக. ஒண்ணையாச்சும் தபால்ல போட்டிருக்கீகளா?” என் கையிலிருந்து பிடுங்கி, பட்டாசு ஆலையிலிருந்து திரும்பி, கடைக்குக் கிளம்பிய எதிர்வீட்டு மாரிசெல்வியிடம் கொடுத்தாள். போகிற வழியில் தபால் பெட்டி.

மாரிசெல்வி வாங்கிய வேகத்தில் திருப்பி நீட்டினாள். “வெரலு பட்டுருச்சு சார். வேற கவர்ல போட்டுக் குடுங்க.”

வெள்ளை உறையின் ஓரத்தில் வெள்ளி நிறத்தில் மூன்று விரல்.

“கை களுவலையா?”

“நாலு மட்டம் களுவியாச்சு. அலுமினியப் பொடி சார், லேசுல போகாது. எங்க வீட்ல சோத்துப் பானைய எவ தொறந்தான்னு கேக்கவே வேண்டாம்.”

உறையை வாங்கிக்கொண்டேன். நானே போடுகிறேன் என்றேன்.

போடவில்லை.

ஜூன் 10

நகலை மறுபடி பார்த்தேன். தேர்வு நடந்தது அக்டோபரில். தீபாவளி சீசன், வீட்டுப் பிள்ளைகளும் வெடிமருந்துப் பொடி அள்ளும் காலம். தாயார் தொழில்: பட்டாசுக் கம்பெனிக் கூலி. இது அன்றும் என் மேசையில்தானே இருந்தது? விருதுநகர்க்காரன் நான். கூப்பிட்டு, ஏம்மா இது என்ன கறைன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா — ஒரு வருசம் போச்சே அந்தப் பிள்ளைக்கு.

ஜூன் 16

போனேன். தேவையில்லாத சரவெடி, நீண்ட பேச்சு, மேடை கொள்ளாத கூட்டம். எதுவும் பிடிக்கவில்லை. ஓய்வூதியர் வரிசையில் நின்று சால்வை கொடுத்தபோது துணைவேந்தர் உற்றுப் பார்த்தார்.

“சார் தேர்வுப் பிரிவுல இருந்தீகளோ?”

“இல்லம்மா. நூலகம்.”

கும்பிட்டார். இறங்கி வந்தேன்.

உறையைக் கிழித்துவிட்டேன். சிபாரிசு பற்றிய சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் இரண்டாவது குறிப்பு தவறு. 1991இலேயே தவறு.