நீ மாற்றி எழுதிய டை

நண்பா,

இன்று ஸ்ரீபெரும்புதூரில் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். "டை அடிச்சிடலாமாண்ணா? முன்னாடி நரைச்சிக்கினு வருது" என்றார் கடைக்காரர். கிண்ணத்தில் குழைத்த டையின் நெடி மூக்கில் ஏறியதும் சிரித்துவிட்டேன். அடுத்த நொடியே அழுகை வந்தது. பாவம், அவர் பயந்துபோய்த் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

நம் டை வேறு. தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கிற இரும்பு அச்சு. ஒரகடத்தில் ஷெட்டை வாடகைக்குப் பிடித்து நாம் இருவரும் அதைச் செய்யத் தொடங்கிய புதிதில், கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்று ஆர்டர் தருவதாக இருந்தது. வெப்சைட்கூட இல்லாத பட்டறையைச் சேர்க்க முடியாது, மாத முடிவுக்குள் காட்டுங்கள் என்றார் அதன் மேனேஜர். ஊரிலேயே ஒரு டிசைனர் பெண் இருக்கிறாள், அவளிடம் கொடுக்கலாம் என்றேன். நீ கேட்டால்தானே? வெப்சைட் டிசைனுக்கு இணையத்தில் போட்டி வைக்கலாம் என்று எவனோ உன் காதில் போட்டிருந்தான்.

"ஊர்ப்பட்ட பேரு வரைஞ்சு அனுப்புவான்லா. பிடிச்சத எடுத்துக்கிடலாம், அவனுக்கு மட்டும் பரிசு. ஒருத்திகிட்ட குடுத்து நல்லா வரலைன்னா என்ன செய்வ?"

நம் தொழிலைப் பற்றி ஆங்கிலத்தில் நீயே தட்டினாய். வரைபடங்களில் தினமும் பார்க்கிற டி-ஐ-இ என்ற எழுத்துகளை மட்டும் போட மறுத்துவிட்டாய்.

"புதுத் தொழிலு. வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாவுன்னு எழுதச் சொல்லுதியா? சத்தம் ஒண்ணுதான" என்று டி-ஒய்-இ போட்டாய்.

வந்து குவிந்தவற்றைத் திறந்தேன். டி-ஒய்-இ என்றால் சாயமாம்; திரை முழுக்கச் சாயம். மஞ்சள் தொட்டி, ஊதா நூல்கண்டு, கொடியில் காயும் சேலை, அதற்கு மேல் நம் பட்டறையின் பெயர். கார் பாகக் கம்பெனிக்குக் காட்ட வேண்டிய பக்கம் அது. நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை.

நீ சிரிப்பாய் என்று பார்த்தேன். ஒவ்வொரு படமாகப் பார்க்கப் பார்க்க உன் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"ஏலே, இது நம்ம ட்ரெய்னி பேட்ச் மாதிரில்லா இருக்கு."

நாம் முதலில் சேர்ந்த பெரிய கம்பெனியில் ஒரு கூட்டத்தையே ட்ரெய்னியாக எடுப்பார்கள். எல்லோரும் ஓ.டி. பார்ப்போம். கடைசியில் ஒருவனைத்தான் பெர்மனென்ட் செய்வார்கள். நம் பேட்ச்சில் அந்த ஒருவன் நான். நீ மற்றவர்களோடு பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினாய். அதைப் பற்றி அன்றுவரை நீ பேசியதே இல்லை.

"இத்தன பேரு உக்காந்து வரைஞ்சிருக்கான். தப்பு என்னுது. திருத்திப் போட்டு, மறுபடியும் எல்லாரும் வரைங்கன்னு சொல்லவா? நான் மாட்டேன்."

ஆர்டர் போய்விடும் என்று கத்தினேன். "போட்டும்" என்றாய். முதலில் வந்ததற்குப் பரிசைக் கொடுத்து, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, போட்டியை மூடினாய்.

பிறகுதான் நான் சொன்ன அந்த டிசைனர் பெண் வந்தாள். "இன்னா சார், டை டைன்னு சொல்லிக்கினே கீறீங்க. மொதல்ல கண்ணுல காட்டுங்க" என்று அச்சைத் தொட்டுப் பார்த்தாள். வெப்சைட் நன்றாகவே வந்தது. தேதி தாண்டிவிட்டதால் ஆர்டர் வரவில்லை.

சாவு என்ற எழுத்தையே தள்ளி வைத்தவன் நீ. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று ஒரு காலையில் வண்டியை எடுத்தவன், ஒரகடம் சந்திப்பில் கன்டெய்னர் லாரியின் அடியில் கிடப்பதாகச் சொன்னார்கள். ஆள் மாற்றிச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இன்னமும் என் மனம் அதை நம்பவில்லை.

போன வாரம் அதே மேனேஜர் போன் செய்தார். பெரிய ஆர்டராம். பல பட்டறைகள் மாதிரி டை செய்து காட்ட வேண்டுமாம், தேறுகிற ஒன்றுக்கு மட்டும்தான் காசாம். ஷெட்டில் வேலை குறைந்து கிடக்கிறது. சரி சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஏலாது சார்" என்றுதான் வந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து வளர்ந்தவன் நான். முடியாது என்பதை இந்தப் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அது உன் கோவில்பட்டிப் பேச்சு.

"யாரு பேசறது?" என்றார் மேனேஜர்.