என் பெயர் ஒட்டிய டப்பா

2024 ஜூலை 8

காலை டிரிப் முடித்து, கண்டக்டர் பையோடு வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு கல்லூரிப் பெண். அப்ரீன் பானு. சாப்பாட்டை வைத்துப் புற்றுநோயைத் தடுக்க முடியுமா என்று ஆராய்கிறாளாம். இரும்பு துருப்பிடிப்பது போல நம் உடம்புக்குள்ளும் டி.என்.ஏ. அரிக்கப்படுமாம்; மூத்திரத்தில் அதன் அளவு தெரியுமாம். இரண்டு மாதம் கீரையும் கொய்யாவும் தின்றால் குறைகிறதா என்று பார்ப்பாளாம். பஸ்ஸில் இருமல் மிட்டாய் விற்பவன்கூட இதைவிட நம்பும்படி பேசுவான்.

“சிகரெட் உண்டா அண்ணாச்சி?”

“தொட்டதே கிடையாது” என்றேன். இருபது வருசப் பழக்கத்தை இவளிடம் ஒப்பிக்கவா?

ஜூலை 9

மூத்திரம் பிடித்துத் தர ஒரு டப்பாவில் என் பெயரை ஒட்டித் தந்திருக்கிறாள் அந்தப் பெண். சோதனையில் என் பொய் தெரிந்துவிட்டால்? என் மனைவி சுந்தரியிடம் டப்பாவை நீட்டினேன். “வெக்கங்கெட்ட மனுசன்!” என்று சிரித்தாள். கொடுத்தாள். வெற்றிலைகூடப் போடாதவள். நூற்றுக்கு நூறு எனக்குத்தான்.

ஜூலை 10

டிரைவர் சாம்ராஜிடம் சொன்னேன். கரிவலம்வந்தநல்லூர் வரை சிரித்தான்.

ஆகஸ்ட் 2

அப்ரீன் பானு போன் செய்தாள். “அண்ணாச்சி, எங்க லிஸ்ட்லயே உங்க அளவுதான் கூடுதல். நோய்னு அர்த்தமில்ல. ஆனா வீட்டுல பொகையில ஏதும்...?”

சிரிப்பு அடங்கவில்லை. சுந்தரிக்குப் புகையிலையாம்! என்ன படிப்போ!

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். சுந்தரி பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியெல்லாம் தூள், விரலிடுக்கில் தூள். தும்மினாள். இருபத்திரண்டு வருசமாகச் சுற்றுகிறாள் — அட மடையா.

ஆகஸ்ட் 3

அப்ரீன் பானுவுக்கு நானே போன் போட்டு உண்மையைச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். “அக்கா பீடி சுத்துதாங்களா?” என்று மட்டும் கேட்டாள். கேலியே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 5

டாக்டர் சுந்தரியின் வாய், நெஞ்சு எல்லாம் பார்த்தார். இப்போதைக்கு ஒன்றுமில்லை, தூசி மட்டும் கூடாது என்றார்.

“இனி சுத்தாத” என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் வைத்தே சொன்னாள்: “நான் சுத்துதத விடுதேன். நீங்க ஊதுதத விடுங்க. இன்னைக்கே.”

பெரிய நாட்டாமை! என் பையிலிருந்த சிகரெட் பாக்கெட்டை அவளே எடுத்துக் குப்பையில் போட்டாள்.

ஆகஸ்ட் 17

சிகரெட்டை விட்டுப் பன்னிரண்டு நாள். சில்லறை கேட்ட பெரியவர் மேல் எரிந்து விழுந்தேன். என்ன பிழைப்பு இது?

சுந்தரி தையல் கடைக்குப் போகிறாள். வர நேரமாகும் என்று முருங்கைக்கீரையை நானே உருவி வதக்கினேன். உப்பு கூடிவிட்டது. ஒரு வாய் வைத்தாள்.

“நல்லாத்தான் இருக்கு.”

பொய். இன்னொரு கரண்டி வைத்தேன்.