படம் போகாத மதியச் சாப்பாடு

பப்படத்தை எப்போதும் தட்டின் வலது ஓரத்தில் வைக்கும் என் பிரியமான சுலைஹா டீச்சருக்கு,

நேற்று நம் கடைக்குப் போனேன். தனியாகத்தான். பலாபத்வலயில் பஸ் ஏறி, மாத்தளை டவுனில் இறங்கி, வெயிலில் நடந்து சைவக்கடைக்குள் நுழைந்ததும் கால்கள் கேட்காமலே சன்னலோர மேசைக்குப் போய்விட்டன. முருகேசு இரண்டு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒன்றைத் திருப்பி எடுக்கக் கையை நீட்டினார்.

"இருக்கட்டுங்க" என்றேன்.

அந்தக் கடையை நாம் எப்படிப் பிடித்தோம் என்று நினைவிருக்கிறதா? ஓய்வுபெற்ற பிறகும் மாதம் ஒருமுறை, பென்ஷன் எடுக்கும் நாளில், ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்று சொன்னது நீங்கள். நீங்கள் ஹலால் பார்ப்பீர்கள், நான் கவுச்சி தொடமாட்டேன். இரண்டுக்கும் பொதுவான விடை சைவக்கடை என்று கண்டுபிடித்தது நான். முப்பத்தொரு வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் நீங்கள் மனையியலும் நான் கணிதமும் சொல்லிக்கொடுத்தோம். அத்தனை வருடத்தில் அது ஒன்றுதான் நீங்கள் பாராட்டிய என்னுடைய கணக்கு.

அத்தனை வருடமும் நீங்கள் எனக்கு 'டீச்சர்', நான் உங்களுக்கு 'டீச்சர்'. உங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று உங்கள் தங்கச்சி உள்ளே பார்த்து, "தாத்தா, ஆள் வந்திரிக்கி" என்று கூப்பிட்டதும், மீசை வைத்த ஒரு கிழவர் வரப்போகிறார் என்று சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றேன். வந்தது நீங்கள். அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுவது உங்கள் ஆட்களின் வழக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் தாத்தா என்றால் அம்மாவைப் பெற்றவர். நீங்கள் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். சுற்றி வளைக்கிறேன் என்றால், சொல்லப் பயமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

நம் சாப்பாட்டுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. சோறு வரும், பருப்பு வரும், பலாப்பிஞ்சுப் பொலஸ் கறி வரும், வல்லாரைச் சம்பல் வரும். நீங்கள் பப்படத்தை எடுத்து வலது ஓரத்தில் தனியாக வைப்பீர்கள். அது டோஹாவில் வேலை செய்யும் உங்கள் மகள் பர்ஹானாவின் பங்கு. பிறகு போனை எடுத்து, எழுந்து நின்று, தட்டைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்புவீர்கள். அவளிடமிருந்து 'பிஸ்மி' என்று ஒரு சொல் வர வேண்டும். இறைவன் பெயரைச் சொல்லிச் சாப்பாட்டைத் தொடங்கும் அந்தச் சொல்லை அவள் அனுப்பினால், அவளே முதல் வாய் வைத்த மாதிரி. "ஆ, பிள்ள திண்டுட்டா. இனி நாம தின்னுவோம்" என்று பப்படத்தை நொறுக்குவீர்கள்.

இங்கே ஒரு மணி என்றால் அங்கே பத்தரை. ஆபிஸில் இருக்கிறவள் எப்போது போனைப் பார்ப்பாள்? நாம் காத்திருப்போம். ரசத்தில் ஆவி அடங்கிவிடும். முருகேசு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "என்ன டீச்சர், டோஹாவுல இன்னும் மணி அடிக்கலயா? சோறு ஆறிப்போனா எங்க கடையத்தான குறை சொல்லுவீங்க" என்பார். நீங்கள் அவரைப் பார்த்து, "ஒங்களுக்கு அவசரமெண்டா நீங்க தின்னுங்க முருகேசு" என்பீர்கள்.

எனக்கு அது பிடிக்காது. வெளியில் சாப்பிட வந்தவர்கள் தட்டைப் படம் பிடிப்பதைக் கண்டால், பரீட்சைத் தாளைத் திறக்காமல் பேனாவைத் துடைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் எனக்கு எரிச்சல் வரும். அதோடு உங்களுக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். கடைசிக்கு முந்தின மாதம் இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தோம். உங்கள் விரல்கள் நடுங்கியதை நான் பார்த்தேன்.

அதனால்தான் அடுத்த மாதம் நீங்கள் போனை எடுத்ததும் அதைப் பறித்து என் ஹேண்ட்பேக்குக்குள் போட்டேன்.

"இன்னிக்கு டெலிபோனுக்கு லீவு. சாப்பிடுங்க."

"பிள்ள பாத்துட்டு இரிப்பா, டீச்சர்."

"பிள்ளைக்கு ஆபிஸ்ல வேலை இருக்கு. உங்களுக்கும் இருக்கு, சாப்பிடுற வேலை."

நீங்கள் சண்டை போடவில்லை. எப்போதும் பதிலுக்குப் பதில் சொல்கிறவர், அன்றைக்குப் பேசாமல் கையை அலம்பிக்கொண்டு சாப்பிட்டீர்கள். பப்படம் மட்டும் வலது ஓரத்தில் அப்படியே இருந்தது. "பப்படம் வேணாமா டீச்சர்?" என்று கேட்டேன். "இரிக்கட்டும்" என்றீர்கள். எழும்பும்போது போனைத் திருப்பிக் கொடுத்தேன். தட்டைப் பார்த்துச் சிரித்தீர்கள். "சோறில்லாத பீங்கானையா அனுப்புற?"

நான்காம் நாள் விடியற்காலை உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது.

பர்ஹானா விமானம் பிடித்து வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. நாற்பதாம் நாள் கத்தத்துக்கு நான் வந்திருந்தபோது, ஓதி முடித்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவள் என்னைக் குசினிப் பக்கம், அடுப்படிக்குக் கூட்டிப்போனாள்.

"டீச்சர் ஆன்டி, அந்த மாசம் மட்டும் உம்மா படம் அனுப்பல்ல. அதுக்கு ரெண்டு நாள் முந்தி நான் போன்ல கோல் எடுத்து ஏசினேன். டோஹாவுக்கு வந்து எங்களோட இரிங்கன்னேன். மாட்டேன்னா. அப்ப இனி எனக்குக் கோல் எடுக்க வேணாம்னு சென்னேன். அந்தக் கோவத்தோடயே மவுத்தாப் போய்ட்டாவா?"

டீச்சர், இப்படி ஒரு சண்டை நடந்தது என்று ஏன் எனக்குச் சொல்லவில்லை? அந்தப் படம்தான் நீங்கள் அவளுக்குப் போட இருந்த சமாதானம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் போனைப் பறித்திருப்பேனா? வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதும் பிள்ளைகளுக்கு நான் புள்ளி குறைப்பேன். உங்களுக்கு யார் குறைப்பது?

ஆனால் குசினியில் நின்று நானும் உண்மையைச் சொல்லவில்லை. "அப்பிடியெல்லாம் இல்ல மகள், பெத்தவளுக்கு என்ன கோவம்" என்று அவள் முதுகைத் தடவினேன். இதைத்தான் அன்று அந்த வீட்டில் எல்லோரும் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் நம்பவில்லை. அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டே டோஹாவுக்குத் திரும்பிப் போனாள். பிள்ளைகள் பிழை செய்தால் எழுந்து நின்று சொல்லுங்கள் என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

அதற்காகத்தான் நேற்றுப் போனேன்.

பக்கத்து மேசையில் ரிவர்ஸ்டன் மலைக்குப் போய்விட்டு வந்த ஓர் இளம் சோடி. காலில் போட்ட சப்பாத்தெல்லாம் சேறு. தோசை வந்ததும் அந்தப் பெண் எழுந்து நின்று படம் பிடித்தாள். முந்தி என்றால் முறைத்திருப்பேன். நேற்று, இவள் யாருக்கு அனுப்புகிறாளோ என்று நினைத்தேன். வகுப்பில் பேர் கூப்பிட்டால் 'பிரசன்ட் டீச்சர்' என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலில் வேறொன்றும் இருக்காது. இருக்கிறேன் என்பது மட்டும்தான் இருக்கும். மாதா மாதம் நீங்கள் அனுப்பியதும் அதுதான். ஒரு மாதம் அந்தக் குரல் வராததற்கு நான் காரணமாகிவிட்டேன்.

பப்படத்தை எடுத்து வலது ஓரத்தில் வைத்தேன். நானும் எழுந்து நின்று படம் பிடித்தேன். முருகேசு எட்டிப் பார்த்து, "டீச்சர், பெருவிரலும் சேந்து விழுந்திருக்கு" என்றார்.

"விழட்டும். யாரு எடுத்ததுன்னு தெரியணும்ல."

படத்தின் கீழே ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எழுதினேன்: 'மகள், உங்கள் உம்மா கோபத்தில் படம் அனுப்பாமல் இருக்கவில்லை. போனைக் கையில் எடுத்தா. நான்தான் பறித்து என் பையில் போட்டேன். பிள்ள பாத்துட்டு இரிப்பா என்று சொன்னா. நான் கேட்கவில்லை. அன்றைக்கும் உங்கள் பப்படம் வலது பக்கத்தில்தான் இருந்தது. நீங்கள் பிஸ்மி சொல்லாததால் கடைசிவரை உம்மா அதைத் தொடவில்லை. இதைக் குசினியில் வைத்தே சொல்லியிருக்க வேண்டும். மன்னியுங்கள்.'

அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். சோறு ஆறியது. ரசம் ஆறியது. அந்தச் சோடி எழும்பிப் போனது. முருகேசு இரண்டு தடவை அந்தப் பக்கம் வந்து போனார். போனை மேசையில் வைத்தேன், எடுத்துப் பார்த்தேன், திரும்பவும் வைத்தேன். இத்தனை மாதமும் இப்படித்தான் காத்திருந்தீர்களா, டீச்சர்? இதையா நான் எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தேன்?

நாற்பது நிமிடத்துக்குப் பிறகு போன் சிணுங்கியது. முதலில் வந்தது இது: 'பப்படத்த வெச்சாவா? உண்மையாவா?'

'உண்மை' என்று எழுதினேன்.

பிறகு வந்தது:

'நீங்க உம்மாவ நேரத்துக்குத் தின்ன வெச்சிரிக்கீங்க. நான் ஏசத்தான் செஞ்சேன். பிஸ்மி. பப்படத்த நொறுக்குங்க, சாச்சி.'

சாச்சி! இருபது வருடமாக என்னை 'டீச்சர் ஆன்டி' என்று கூப்பிட்டவள். அர்த்தம் எனக்குத் தெரியும், டீச்சர். உங்கள் வீட்டில் உம்மாவின் தங்கச்சியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆறிப்போன சோற்றில் பப்படத்தை நொறுக்கிப் போட்டேன். சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டேன். முருகேசு ரசத்தை மட்டும் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

இனி ஒவ்வொரு மாதமும் அந்த மேசையில் இருந்து உங்கள் மகளுக்குப் படம் போகும். பெருவிரலோடுதான் போகும், அதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் அவள் பிஸ்மி சொல்லாமல் பப்படத்தில் கை வைக்கமாட்டேன். சோறு எவ்வளவு ஆறினாலும் சரி.

நிம்மதியாக இருங்கள், தாத்தா. இந்த முறை நான் கிழவர் யாரையும் எதிர்பார்த்து எழுந்து நிற்கவில்லை.

உங்கள் தங்கச்சி,
பர்ஹானாவின் சாச்சி,
புஷ்பம்