பெண்கள் குளிக்கும் பக்கம்

திருப்பூர்

அன்புள்ள அம்மாவுக்கு,

குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறதாமே. எங்கள் பனியன் கம்பெனியில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து அங்கேதான் டூர் போகிறார்கள்.

நான் முதலில் பெயர் கொடுக்கவில்லை. அவர்தான், "உங்க ஊருப் பக்கமே போறாங்க, பாப்பாவக் கூட்டிட்டுப் போயிட்டு வா கண்ணு. நான் வந்தா உங்க ஊட்டுல வருத்தப்படுவாங்க" என்று சொல்லிப் பெயர் கொடுக்க வைத்தார்.

நாங்களாகக் கல்யாணம் செய்துகொண்ட கோபம் அப்பாவுக்குத் தீரவில்லை என்று தெரியும். அதனால்தான் இதை எதிர்வீட்டு அக்கா பெயருக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு வர மாட்டேன், பயப்படாதே.

சின்ன வயதில் அருவிக்குக் கூட்டிப்போகச் சொல்லி எத்தனை தடவை அழுதிருப்பேன். "பக்கத்துலதான இருக்கு, எங்க போயிரப் போவுது" என்பாய். கடைசிவரை நாம் சேர்ந்து போகவே இல்லை.

மெயின் அருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் காலையிலேயே வந்து நிற்பேன். அங்கே அப்பாவும் அண்ணனும் வர முடியாது. பாப்பாவுக்கு மஞ்சள் கவுன் போட்டிருப்பேன். பேசக்கூட வேண்டாம், ஒரு தடவை அவளைத் தூக்கிக்கொள்.

வர முடியாமல் போனால் வருத்தப்படாதே. சீசன் கூட்டத்தில் நீ எங்கேயோ நின்றிருக்கிறாய், என் கண்ணில்தான் படவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

உன் மகள்